மானாங் பெர்ப்பி மலை நெல்லுக்கு இடம் பிடித்த கதை

எங்கள் ஊர் சோலானோவில் சந்தைக்குப் போய் பெர்பெத்துவா கலிம்லிம் வீடு எது என்று கேட்டால் எல்லாரும் முழிப்பார்கள். மானாங் பெர்ப்பி வீடு என்று கேட்டுப் பாருங்கள், மீன் வெட்டுகிறவள்கூடக் கத்தியை நீட்டி வழி காட்டுவாள். மானாங் என்றால் அக்கா, ஊருக்கே அவள் அக்கா. ஐம்பத்தொரு வயது, பருத்த உடம்பு, சிரித்தால் மேசை மேல் இருக்கும் காப்பிக் கோப்பை ஆடும். வீட்டில் மூன்று பன்றி. கணவன் சவுதியில் கிரேன் ஓட்டுகிறான். வாரத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் அவனோடு ஒரு சண்டை, சண்டை முடிந்ததும் ஒரு அழுகை. இதில் என்ன இருக்கிறது, எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே என்பீர்கள். இருங்கள், சொல்கிறேன். அந்த டிசம்பரில் அவள் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவனில்லை. ஆனால் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டபோதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அவள் வேலை பார்த்தது விதை வங்கியில். பணம் போடுகிற வங்கி இல்லை, நெல் போடுகிற வங்கி. மலைமேலும் சமவெளியிலும் விளைந்த பதினோராயிரம் வகை நெல்லை வகைக்கொரு பொட்டலமாகக் கட்டிக் குளிர் அறையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பொட்டலத்தின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் எந்த நெல், யார் கொடுத்தது, எந்த வயலில் விளைந்தது என்பதெல்லாம் கணினியில். எண் தெரியாவிட்டால் அந்த அறையில் பதினோராயிரம் பொட்டலமும் ஒரே மாதிரிதான், தலைகீழாக நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது.

1987-இல் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தாள். பிறகு ஒரு பொறியாளர் வந்து இந்த விவரத்தையெல்லாம் வைக்க ஒரு நிரல் எழுதினார். நிரலின் பெயர் பின்ஹி, எங்கள் பேச்சில் விதை. எழுதி முடித்த சூட்டோடு அவர் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். விட்டுப் போனது மூன்று பக்கக் குறிப்பு. அதில் இரண்டு பக்கம் எல்லாருக்கும் நன்றி. மீதி ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு பெர்ப்பி பன்னிரண்டு வருடம் அதைக் கட்டி மேய்த்தாள். கணினிப் படிப்பு ஒரு நாளும் படித்தவளில்லை. அவள் படித்ததெல்லாம் அப்பா ஓட்டிய ஜீப்னியின், ஜீப்பை நீட்டிச் செய்த பயணிகள் வண்டியின், பின்படியில். ஏழு வயதிலிருந்தே அங்கே நின்றுகொண்டு, எந்தப் பயணி எங்கே உட்கார வேண்டும், எந்த மூட்டை கூரைக்குப் போக வேண்டும், எந்தப் பன்றிக்குட்டியை யார் காலடியில் தள்ளலாம் என்று கூவிக்கொண்டிருந்தவள்.

பழைய கணினியும் ஜீப்னி மாதிரிதான் என்பாள் அவள். உள்ளே இருக்கை மொத்தம் 640. நிரல் ஓட வேண்டுமானால் அது அந்த இருக்கையில்தான் உட்காரும், கூரைக்கு ஏறாது, மகாராணி. ஆனால் கணினி எழுந்ததும் சுட்டிக்கு ஒருவன், விசைப்பலகைக்கு ஒருவன், வட்டுக்கு ஒருவன் என்று சின்னச் சின்ன ஏவல்காரர்கள் முந்திக்கொண்டு ஏறி உள்ளே உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூரைக்கு ஏற்றினால்தான் மகாராணிக்கு இடம். யார் முதலில் ஏறுவது, யார் கூரைக்கு, யார் வேண்டவே வேண்டாம் என்பதெல்லாம் தொடக்கக் கோப்பு என்ற ஒரு சின்னக் காகிதத்தில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பைத் தொட அலுவலகத்தில் வேறு எவருக்கும் தைரியம் கிடையாது.

2003-இல் புது நிரல் வந்தது. பளபளவென்று படம், சுட்டியைத் தட்டினால் போதும். பின்ஹியிலிருந்த விவரமெல்லாம் அதற்குள் மாற்றியாகிவிட்டது என்று ஒப்பந்தக்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பின்ஹி ஓடிய பழைய கணினி சாமான் அறைக்குப் போனது. அங்கேயும் அது சும்மா இருக்கவில்லை. காவல்காரர், எல்லாருக்கும் அண்ணனான மானோங் சிம்ப்ளிசியோ, அதில் ஒலி அட்டையும் குறுவட்டுப் பெட்டியும் மாட்டி, ஒலிவாங்கி செருகி, கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பாட்டுப் பெட்டியாக்கிவிட்டார். எங்கள் ஊரில் ஒரு அலுவலகம் விதை இல்லாமல் இருந்தாலும் இருக்கும், பாட்டுப் பெட்டி இல்லாமல் இருக்காது.

2005 டிசம்பர் முதல் வாரம் ஒரு புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, மலையிலிருந்து ஒருத்தி வந்தாள். பெயர் ஹசிந்தா தயாபான். நாற்பது வயதிருக்கும். வெற்றிலைக் கறை படிந்த உதடு, காலில் சேறு காய்ந்த ரப்பர்ச் செருப்பு, கையில் ஒரு காலிப் பை. அந்தப் பையைப் பார்த்ததுமே பெர்ப்பிக்கு என்னவோ செய்தது.

"மானாங், எங்க நெல்லு உங்ககிட்ட இருக்குன்னாங்க. வாங்கிட்டுப் போக வந்தேன்."

புயலில் மலை சரிந்து அவர்கள் குக்கிராமத்தின் நெற்குதிர்களை மண்ணோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. பதினாறு குடும்பம். ஆளுக்குச் சேதமில்லை, விதை நெல் ஒரு மணி மிச்சமில்லை. சரிந்த படிவயல்களைக் கல் அடுக்கி மறுபடி கட்டிவிட்டார்கள். நாற்றங்காலில் விதைக்கப் பத்து நாள்தான் இருந்தது. வருடத்துக்கு ஒரே போகம். தவறினால் அடுத்த வருடம்தான்.

"பக்கத்து ஊரு நெல்ல வாங்கிப் போடக் கூடாதா?" என்று கேட்டாள் பெர்ப்பி.

"போட்டுப் பாத்திருக்கோம். எங்க வயலு ரொம்ப மேல, ஊத்துத் தண்ணி ஐஸு மாதிரி இருக்கும். வேற நெல்லு தளதளன்னு வளரும், அறுத்தா எல்லாம் பதரு. இந்த வருஷமும் வெளையலன்னா ஆம்பளைங்க எல்லாம் பாகியோ டவுனுக்குக் கட்டட வேலைக்குப் போறதுன்னு முடிவு. போனவங்க எங்க மானாங் திரும்பி வர்றாங்க?"

பெர்ப்பி புதுக் கணினியில் தேடினாள். நெல்லின் பெயர் கேட்டாள். "தினாவோன்" என்றாள் ஹசிந்தா. தட்டினாள். திரையில் 340 வரிசை வந்து நின்றது, எல்லாமே தினாவோன். வருடத்துக்கு ஒரு முறை விளைகிறது என்றுதான் அதற்குப் பொருள். அந்தக் காலத்தில் விதை சேகரிக்கப் போனவர்கள் இது என்ன நெல் என்று கேட்க, மலைக்காரர்கள் "எங்க தினாவோன்தான்" என்று சொல்ல, அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் அது வேறு வேறு நெல் என்பது எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை, சொன்னவர்களுக்கும் தோன்றவில்லை. வீட்டுப் பிள்ளையைப் பார்த்து இது யார் என்று கேட்டால் என் பிள்ளை என்றுதானே சொல்வார்கள்?

"இந்த 340-லயும் கொஞ்சம் கொஞ்சம் குடுத்துடுங்களேன்," என்றாள் ஹசிந்தா.

"அம்மாடி, உங்க வயலுல அதையெல்லாம் போட்டு எது மணி பிடிக்குதுன்னு பாக்க எத்தன வருஷம் ஆகும்?"

இயக்குநர் டாக்டர் டும்லாவ் அறைக்கு வெளியே வந்து விஷயத்தைக் கேட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் விதிமுறை என்றால் சாமி மாதிரி. "முதல்ல எண்ணக் கண்டுபிடிங்க. அப்புறம் குழுவுக்கு எழுதுவோம். ரெண்டு மாசத்துல அனுமதி வரும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ரெண்டு மாசம்! ஹசிந்தா காலிப் பையை மடித்து மடித்துக் கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மலைக்குக் கடைசிப் பேருந்து இரண்டு மணிக்கு.

அப்போதுதான் பெர்ப்பிக்கு நெற்றியில் அடித்தது போலிருந்தது. குறிப்புகள்! பின்ஹியில் ஒவ்வொரு நெல்லுக்கும் ஒரு நீளக் குறிப்பு உண்டு. வயல் எங்கே, தண்ணீர் எப்படி, கொடுத்தவர் என்ன சொன்னார் என்று கதை மாதிரி. அது தனிக் கோப்பில் இருந்தது. ஒப்பந்தக்காரர்கள் அந்தக் கோப்பை மாற்றவே இல்லை. அடப் பாவிகளா! இரண்டு வருடமாக ஒருவரும் கவனிக்கவில்லை, அவள் உட்பட. புது எந்திரங்களில் பின்ஹியைத் திறந்தால் அந்த வேகம் தாங்காமல் திறந்த மறுகணமே விழுந்துவிடும். பழைய பெட்டி ஒன்றுதான் கதி.

சாமான் அறையில் மானோங் சிம்ப்ளிசியோ வெள்ளிக்கிழமை விருந்துக்கு ஒத்திகையில் இருந்தார். காதல் பாட்டு, கண்ணை மூடிக்கொண்டு. பெர்ப்பி ஒலிவாங்கியைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"மானோங், எந்திரிங்க. பெட்டி வேணும்."

"சரணம் முடியட்டும் பெர்ப்பி!"

"உங்க சரணத்த மாடு கேக்கும், போய் அதுக்குப் பாடுங்க."

அணைத்துப் போட்டாள். பின்ஹி என்று தட்டினாள். திரையில் ஒரே ஒரு வரி: நினைவக இடம் போதாது. காலி இருக்கை எவ்வளவு என்று பார்த்தாள். 498. பின்ஹி பட்டியலைக் காட்டவே 550 வேண்டும், குறிப்புகளைத் திறக்க 570. தொடக்கக் கோப்பைத் திறந்து பார்த்தால், குறுவட்டுக்காரன் ஒருவன், ஒலிக்காரன் ஒருவன், அவர்களுக்குத் துணைக்கு இன்னொருவன். பாட்டுக் கோஷ்டி முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு இருக்கையில் படுத்திருந்தது.

அழிக்கப் போனவள் கையைச் சிம்ப்ளிசியோ பிடித்துக்கொண்டார். "ஐயோ, அத எழுதத் தெரிஞ்ச என் மச்சான் மணிலாவுக்குப் போயிட்டான். அழிச்சா வெள்ளிக்கிழம என் கதி? டாக்டர் வேற ரெண்டு பாட்டுக்குப் பேரு குடுத்திருக்காரு."

பெர்ப்பி ஒரு நொடி யோசித்தாள். பிறகு அழிக்காமல் வேறு ஒன்று செய்தாள். கணினி எழுந்ததும் "ஒன்று பாட்டு, இரண்டு விதை, எது வேண்டும்?" என்று அதுவே கேட்கும்படி தொடக்கக் கோப்பை இரண்டாகப் பிரித்து எழுதினாள். ஒன்றை அமுக்கினால் பாட்டுக் கோஷ்டி ஏறும். இரண்டை அமுக்கினால் அவர்கள் தெருவிலேயே நிற்பார்கள். சிம்ப்ளிசியோ வாயைப் பிளந்தார். "இப்படியெல்லாம் செய்யலாமா?" என்றார். செய்துவிட்டாளே!

இரண்டை அமுக்கினாள். 541. சுட்டிக்காரனைக் கூரைக்கு ஏற்றினாள், விசைப்பலகைக்காரனை ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் பெட்டியை அணைத்து எழுப்பிப் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். 558. பின்ஹி திறந்தது! பச்சை எழுத்தில் பழைய முகப்பு. ஹசிந்தா நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். குறிப்பைத் திறக்கச் சொன்னதும் நின்றுவிட்டது. ஒரே நேரத்தில் இத்தனை கோப்பு திறக்க அனுமதி இல்லை என்றது. அனுமதியை முப்பதிலிருந்து எண்பதாக்கினாள். அதற்கும் இருக்கை செலவு. 555.

"கொறையுதே மானாங்," என்றாள் ஹசிந்தா. அவளுக்குக் கணினி தெரியாது. எண் கூடுகிறதா குறைகிறதா என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

"குடுத்துத்தான வாங்கணும். பொறு."

பெரிய மூட்டையை முதலில் ஏற்றினால்தான் கூரையில் இடம் சரியாக அமையும். சின்னதை முதலில் போட்டால் நடுவில் உட்கார்ந்துகொண்டு பெரியதற்கு வழி விடாது. வரிசையை மாற்றினாள். 562. மறுபடி மாற்றினாள். 559. மறுபடி. 562. இன்னும் எட்டு தேவையாயிருந்தது, எட்டே எட்டு! வட்டுக்காரன் ஒருவன் மட்டும் 28 இருக்கையை அடைத்துக்கொண்டு கீழேயே இருந்தான். கூரையில் அவன் அளவுக்கு இடமில்லை. பத்து முறை, பதினோரு முறை அணைத்து எழுப்பினாள். மணி பன்னிரண்டரை. சிம்ப்ளிசியோ சத்தமில்லாமல் போய் மூன்று இலைப் பொட்டலம் துப்பிக் வாங்கி வந்து வைத்தார். வாழையிலையில் சுட்ட அரிசிப் பலகாரத்தை யாரும் பிரிக்கவில்லை. தன்னால் முடியாது என்ற எண்ணம் பெர்ப்பிக்கு அப்போது முதல் முறையாக வந்தது.

"ஏன் மானாங், கூரைல எடமே இல்லையா?" என்றாள் ஹசிந்தா மெதுவாக.

"இல்லம்மா. எல்லாம் ரொம்பிருச்சு."

"எல்லாத்துலயும் ஆள் இருக்கா?"

சும்மா கேட்ட கேள்வி. பெர்ப்பி பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். கூரையை ஆள்கிற வரியை மறுபடி படித்தாள். அதன் கடைசியில் ஒரு வால் இருந்தது: இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை தொடாதே. 1995-இல் அந்தப் பெட்டிக்கு வலையமைப்பு அட்டை மாட்டியபோது, அதற்கென்று 64 இடத்தை ஒதுக்கி வேறு யாரும் ஏறக்கூடாது என்று எழுதி வைத்தவள் அவளேதான். 2001-இல் அந்த அட்டையைக் கழற்றிப் புதுக் கணினிக்குக் கொண்டு போனார்கள். ஆள் இறங்கிப் போய் நாலு வருடம். இடம் பிடித்த துண்டு மட்டும் இன்னும் கூரையில் கிடந்தது.

"அடி மண்டு!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "அப்பா பாத்திருந்தா பின்படியிலேர்ந்து எறக்கி விட்டிருப்பாரு!"

அந்த வாலை நறுக்கினாள். அணைத்தாள். எழுப்பினாள். இரண்டை அமுக்கினாள். வட்டுக்காரன் கூரைக்கு ஏறினான், அவன் பின்னாலேயே மிச்சமிருந்தவர்களும் ஏறினார்கள். 601. அறுநூற்று ஒன்று! சிம்ப்ளிசியோ சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு திருகாணியைத் தொடவில்லை, ஒரு காசுக்குச் சாமான் வாங்கவில்லை. ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்த இடத்தில், இல்லாத இடத்தை உண்டாக்கிவிட்டாள். இதை எங்கே போய்ச் சொல்ல?

குறிப்புகள் திறந்தன. "குளிர்ந்த ஊற்று" என்று தேடச் சொன்னாள். வட்டு கரகரவென்று அரைத்தது. மூன்று நெல் வந்தது. முதல் இரண்டும் வேறு பள்ளத்தாக்கு. மூன்றாவது 4471. பெர்ப்பி உரக்கப் படித்தாள், ஹசிந்தாவுக்குப் படிக்க வரும் என்றாலும்.

"ஊற்றுக்கு மேலே மூன்றாவது படி. தண்ணீரில் நின்றால் கால் மரத்துப்போகும். மணியின் நுனியில் சிவந்த வால். கதிர்க்கட்டு கொடுத்தது ஒரு பெண், முதுகில் குழந்தை. விலை கேட்டேன், சிரித்தாள். விதையை விற்பார்களா என்றாள்."

"செவப்பு வாலு," என்றாள் ஹசிந்தா. "அதான். அதேதான் மானாங்! அந்தப் படி எங்களுது. அது எங்க அம்மா. முதுகுல இருந்தது என் கடைசித் தம்பி, எம்பத்தொம்பதுல." அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது.

சேகரித்தவர்கள் எழுதி வந்த வயல் அட்டைகளைப் பார்த்து இந்தப் பதினோராயிரம் குறிப்பையும் தட்டச்சு செய்தவள் பெர்ப்பிதான். இந்தச் சிரிப்பையும், இந்த முதுகுக் குழந்தையையும் அவள் விரல்தான் உள்ளே போட்டிருக்கிறது. ஒரு எழுத்து நினைவில்லை. அந்தப் பெட்டிக்குள் இன்னும் எத்தனை பேர் இப்படி நின்றுகொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாகவே இருந்தது, கோயிலுக்குள் தனியாக நிற்கிறபோது வருமே, அந்தப் பயம். சாமான் அறையில் துடைப்பத்துக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் நடுவில்!

கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. படிப்பதற்குள் சிம்ப்ளிசியோ ஓடிப்போய் டாக்டர் டும்லாவை அழைத்து வந்துவிட்டார். மணி ஒன்று இருபது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எண் கிடைச்சாச்சா? நல்லது. இன்னைக்கே குழுவுக்கு எழுதிடறேன். ஆனா பாருங்கம்மா, விதிமுறைன்னு ஒண்ணு..."

"டாக்டர், கடைசி ரெண்டு வரிய நீங்களே படிங்க," என்றாள் பெர்ப்பி.

அவர் குனிந்தார். "எங்கள் நெல் என்றைக்காவது இல்லாமல் போனால் திருப்பித் தருவீர்களா என்று கேட்டாள். தருவோம் என்றேன்."

அதற்குக் கீழே சேகரித்தவர் பெயர். டாக்டர் நிமிரவில்லை. 1989-இல் அவர் டாக்டரும் இல்லை, இயக்குநரும் இல்லை. தோளில் கித்தான் பையோடு மலை ஏறிய இருபத்தாறு வயதுப் பையன்.

ஹசிந்தா அவர் முகத்தைப் பார்த்தாள். "யாரு சார் அது, தர்றோம்னு சொன்னது?"

"நான்தாம்மா," என்றார்.

"அப்பக் குடுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. கொடுத்து வைத்ததைக் கேட்கிற குரல். டாக்டர் டும்லாவ் இரண்டு முறை தலையாட்டினார். பிறகு, வேலையாளைக் கூப்பிடாமல், கதவருகே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, குளிருக்கான கோட்டுகூடப் போடாமல் குளிர் அறைக்கு அவரே நடந்தார். ஹசிந்தா மடித்து வைத்திருந்த பையைப் பிரித்து உதறினாள்.